கல்கத்தாவில் ஆடிய ஓர் ஆட்டம்

மேல்நாட்டுச் சதுரங்க நூல்களில் இந்தியத் தடுப்பாட்டம் என்ற பெயரைக் காண்போருள் பலர், அப்பெயருக்குக் காரணமானவர் மகேசசந்திர பந்தோபாத்தியாயர் என்னும் வங்காளத்து அந்தணர் என்பதை அறியார். நாட்டுப்புறத்தில் எவரிடமும் தோற்றதில்லை என்று கீர்த்தி பெற்றிருந்த அவரை, கல்கத்தாவில் பாரிஸ்டராயிருந்த ஜான் காக்ரேன் 1848 வாக்கில் கண்டறிந்தார். கல்கத்தாச் சதுரங்கச் சங்கம் மகேசசந்திரருக்கு ஊதியம் தந்து அமர்த்திக்கொண்டது. இருவரும் ஆடியவை பட்டமோ பரிசோ கருதாத சங்க ஆட்டங்கள். பெரும்பாலும் வென்றவர் காக்ரேனே.

1855-ல் ஆடிய ஒன்றைப் பலகையில் வைத்து மெல்ல நகர்த்திப் பார்க்கிறேன். காக்ரேன் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ள, மகேசசந்திரர் சிப்பாயால் எதிர்க்காமல் குதிரையை எடுத்து, அடுத்து ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, மூன்றாவதில் ராணியின் சிப்பாயை நடுவில் நிறுத்தி, நான்காவதில் மந்திரியை ஓரத்திலிருந்து பலகையின் குறுக்கே நோக்க வைக்கிறார். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே உரிமையாயிருந்தது. அவ்வழக்கத்தில் பயின்ற கைக்கு இவ்வமைப்பு இயல்பாகவே வந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

பதினெட்டாம் நகர்த்தலில் காக்ரேனின் குதிரை, ராஜா பக்கத்து மந்திரிச் சிப்பாயை வெட்டிக் கறுப்பு ராணியையும் தாக்குகிறது. மகேசசந்திரரோ தம் ராணியைக் காவாமல், குதிரையைப் பாய்ச்சி எதிரியின் ராணியைத் தாக்குகிறார். ஆட்டக் குறிப்பு அவ்விடத்திலேயே நின்று, வெள்ளைக்கு மூன்று நகர்த்தலில் வெற்றி என்று முடிகிறது. அம்மூன்றையும் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். இத்தகைய ஆராய்ச்சியின் இன்பமும் அதுவே. வெள்ளைக் குதிரை விலகி இரட்டைச் செக் தருகிறது. ராஜா மூலைக்கு ஒதுங்குகிறார். வெள்ளை ராணி அவரருகே சென்று தன்னைப் பலியிட, யானை அதை வெட்டியே தீரவேண்டும். உடனே குதிரை பழைய கட்டத்துக்குத் திரும்பிச் செக்மேட் செய்கிறது. ராஜாவுக்கு வழியடைத்து நிற்பவை அவருடைய யானையும் சிப்பாயும், நான்காம் நகர்த்தலில் அவ்வளவு அழகாக அமர்ந்த அந்த மந்திரியுமே!

ஆயினும் தோல்வி தொடக்கத்தின் குற்றமன்று. 1922-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் என்னும் ஆட்டக்காரர் அதே முதல் மூன்று நகர்த்தல்களால் புகழ்பெற்ற வீரர் அலெகினை எதிர்த்து வென்றார். அத்தொடக்கம் இன்று குரூன்ஃபெல்ட் பெயரால் வழங்குகிறது.