வெக்கை

சித்திரை வெயிலில் ‘வெக்கை தாங்கலை’ என்கிறோம். பூமணி தன் நாவலுக்கு வைத்த பெயரும் இதுதான். ஆனால் மாடு வளர்த்தவர்களுக்கு இந்தச் சொல் இன்னொன்றையும் சொன்னது. அது மாட்டைக் கொல்லும் நோய். ஜெர்மானியர் இதை ‘ரிண்டர்பெஸ்ட்’ என்றார்கள். ‘ரிண்டர்’ மாடுகள், ‘பெஸ்ட்’ கொள்ளைநோய். அவர்கள் சாவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் மாட்டைத் தொட்டுப் பார்த்து. எனக்கு நம்முடையதே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் நோயின் முதல் அடையாளமே கொதிக்கும் காய்ச்சல்தான். பிறகே கண்ணில் நீர் வடியும், வாய் புண்ணாகும், கழிச்சல் கண்டு ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாயும். வெம்மை, வெப்பு, வெயில் எல்லாம் இச்சொல்லின் உறவுகள். சம்பந்தர் தீர்த்ததாகச் சொல்லும் பாண்டியனின் காய்ச்சலுக்கும் ‘வெப்பு நோய்’ என்றே பெயர்.

வெக்கை கப்பலும் ஏறியது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்க, அந்நாட்டு மாடுகளுக்கு நோய் தொற்றிக்கொண்டது. மருந்து கிடையாது. நோய் கண்ட மந்தையைக் கொன்று புதைப்பது, சந்தையை மூடுவது, மாட்டை ஊர் தாண்ட விடாமல் தடுப்பது என்று கால்நடை மருத்துவர்கள் போராடி அடக்கினார்கள். அந்த அதிர்ச்சியில்தான் 1924இல் 28 நாடுகள் கூடி, பாரீசில் உலகக் கால்நடை நோய் அமைப்பைத் தொடங்கின.

பின்னாளில் தடுப்பூசியால் வெக்கை இந்தியாவில் ஒழிந்ததாக 2006இலும் உலகிலேயே ஒழிந்ததாக 2011இலும் அறிவிக்கப்பட்டது. அந்தக் கிருமி இன்று சில ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் மட்டுமே இருக்கிறது.