மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தளபதி

குச்சனூரில் சனீஸ்வரரைத் தரிசித்துவிட்டு சுரபி நதிக்கரையில் நின்றால் மேற்கே மலைத்தொடர் தெரியும். நெல் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால் நீலச்சுவர்போல் எழுந்து நிற்கும் அந்த மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்கள் காய் எடுக்கப் போகிறவர்கள். எடுத்த காய் மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கு விலைபேச வரும். ஏலம் ஏலத்திற்கு வருகிறது என்று சொன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் எவரும் சிரிப்பதில்லை.

அந்தச் செடிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் எலெட்டாரியா கார்டமோமம். முற்பாதி கிரேக்கமாகவோ இலத்தீனாகவோ இருக்கும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஏலத்தரி என்னும் மலையாளச் சொல். ஏலத்தின் தரி, அதாவது உள்ளிருக்கும் மணி. அச்சொல்லை ஐரோப்பிய அறிவியலுக்குள் கொண்டு சேர்த்தவர் பேராசிரியரோ பாதிரியாரோ அல்லர். வாளேந்திப் போரிட்ட ஒல்லாந்தப் பிரபு ஒருவர்.

ஹென்ட்ரிக் ஆட்ரியான் வான் ரீட் 1636இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். உத்ரெக்ட் மாகாணத்தின் பழைய பிரபுக் குடும்பம். ஏழு குழந்தைகளில் கடைசி. நினைவு தெரியும் முன்பே தாயையும், சில ஆண்டுகளில் தந்தையையும் இழந்தார். பதினான்கு வயதில் வீட்டை விட்டுச் சென்றவர், 1656இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியில் படைவீரனாகச் சேர்ந்து கீழ்த்திசைக்குக் கப்பலேறினார்.

அது போர்ச்சுகீசியரிடமிருந்து கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கும்பினி பறித்துக்கொண்டிருந்த காலம். 1658இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றும் தளபதி ரிக்லோஃப் வான் கூன்ஸிடம் வீழ்ந்தன. அடுத்து மலபார். வான் கூன்ஸின் படையில் வான் ரீட் வளர்ந்தது அந்தப் போர்களில்தான். 1662இல் கொச்சியை முதன்முறை முற்றுகையிட்டபோது மட்டாஞ்சேரி அரண்மனையில் முதிய அரசியைச் சிறைப்பிடித்ததில் இவருக்கு நேரடிப் பங்குண்டு. 1663 ஜனவரியில் கொச்சி பணிந்தது. கும்பினி தன் விருப்பப்படி ஓர் அரசரை அரியணையில் அமர்த்தியது. அவரருகே ஆலோசகர் என்ற பெயரில் வான் ரீட் அமர்த்தப்பட்டார். மிளகு முழுவதும் கும்பினிக்கே என்ற ஒப்பந்தங்களுக்கு இவ்வாறான ஆலோசனைகள் தேவைப்பட்டன. 1670இல் மலபாரின் தலைமைத் தளபதியானார்.

இங்கே நின்றிருந்தால் கீழ்த்திசையில் பொருள் சேர்த்த நூறு பிரபுக்களில் அவரும் ஒருவர். எவரும் அவரைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதவியில் இருந்தபடியே, மலபாரின் மரங்களையும் செடிகொடிகளையும் வரைந்து விவரித்துப் பதிவு செய்யும் பணியை அவர் தொடங்கினார். அதுவே ஹோர்த்துஸ் மலபாரிகஸ், மலபார்த் தோட்டம் என்று பொருள்படும் இலத்தீன் நூல். 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 12 தொகுதிகள். ஏறத்தாழ 740 தாவரங்கள், 790ஐ ஒட்டிய செப்புத்தகட்டுப் படங்கள். முதல் படம் தென்னை. தலைப்பு, தெங்கா.

காரணங்கள் தூய்மையானவை அல்ல. கும்பினிப் படைவீரர்களுக்கான மருந்துகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. அவற்றுட் பல கீழ்த்திசையிலிருந்தே அங்கு போய், பழையதாகி, விலையேறித் திரும்பியவை. பக்கத்துக் காட்டிலேயே மருந்து கிடைத்தால் செலவு மிச்சம். இன்னொன்று பதவிப் பூசல். வான் கூன்ஸுக்குக் கும்பினியின் தலைமையிடம் இலங்கையாக வேண்டும். வான் ரீட்டுக்கு மலபார் ஒன்றும் குறைந்ததல்ல என்று மேலிடத்திற்குக் காட்ட வேண்டும். உலகத்தின் பெரும் நூல்கள் சில அலுவலகச் சண்டையில் பிறந்திருக்கின்றன. ஆயினும் கணக்குப் பார்ப்பவன் ஒரு மருந்துப் பட்டியலோடு நிறுத்தியிருப்பான். பயனே இல்லாத செடிக்கும் முழுத்தாளில் படம் வரையச் சொன்னவரைக் கணக்கு மட்டும் இயக்கியிருக்க முடியாது.

வேலை நடந்த முறை வியப்பானது. செடி வரும். ஓவியர்கள் வரைவார்கள். சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் அதன் பெயரையும் குணத்தையும் சொல்வார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி அந்தணர்கள் தங்கள் நூல்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். மலையாளம் போர்ச்சுகீசியமாகும், அது டச்சாகும், டச்சு இலத்தீனாகும். முதல் தொகுதிகளுக்கு இலத்தீன் எழுதிய காசேரியஸ் என்ற இளம் போதகர், மாணவராக இருந்தபோது தத்துவஞானி ஸ்பினோசாவுடன் ஒரே வீட்டில் தங்கி அவரிடம் தெகார்த்தேயின் தத்துவம் பயின்றவர். ஸ்பினோசாவின் மாணவரும் ஈழவ வைத்தியரும் ஒரே செடியைப் பற்றி எழுதிய பக்கங்கள் இவை.

நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது முதல் தொகுதியின் முன்பகுதியில் உள்ள ஒரு பக்கத்தை. 1675 ஏப்ரல் 20ஆம் தேதியிட்ட இட்டி அச்சுதனின் சான்றுரை அது. தம் பரம்பரை அறிவைத் தாமே சொல்லிக் கொடுத்ததற்கு அவர் தரும் உறுதி. அதை வான் ரீட் மொழிபெயர்த்துச் சுருக்கிவிடவில்லை. வைத்தியர் எழுதிய எழுத்திலேயே, கோலெழுத்தில், ஆம்ஸ்டர்டாமில் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டார்.

கோலெழுத்து வட்டெழுத்திலிருந்து கிளைத்தது. வட்டெழுத்து என்றதும் குச்சனூரில் நிற்பவனுக்கு நினைவு வரவேண்டியது பக்கத்து ஊரான சின்னமனூர். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கிறது. பின்னர் சோழராட்சியில் பாண்டிநாட்டில் வட்டெழுத்து மெல்ல மறைந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அது வடிவம் மாறி வாழ்ந்தது. இங்கே அரசன் நிலக்கொடையைச் செம்பில் வெட்டிய எழுத்தின் வழித்தோன்றல், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கடல்தாண்டி வேறொரு செம்பில், ஒரு வைத்தியரின் கையெழுத்தாக வெட்டப்பட்டிருக்கிறது. கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர் கையில் அந்த எழுத்து பிழைத்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

சூழலியல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ், இந்நூலின் ஒழுங்கமைப்பே ஈழவர்களின் தாவர அறிவைத் தழுவியது என்று வாதிட்டார். அதை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்தணர்களின் நூல்களும், இலத்தீன் எழுதியவர்களின் பழக்கங்களும் அதில் கலந்தே இருக்கின்றன. ஆனால் ஒன்று மறுக்க முடியாதது. பெயர் சொன்னவரின் பெயரை இந்நூல் மறைக்கவில்லை. பிற்காலத்தில் லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயரிட்டபோது தாம் நம்பிய மிகச் சில நூல்களுள் ஒன்றாக இதைச் சொன்னார். அவர் வழியே உலகம் முழுவதும் பரவிய பெயர்கள் பல. அவற்றைச் சொன்ன வாய் யாருடையது என்பது வெகுகாலம் தாவரவியலார் சிலருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருந்தது. கேரளத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டு உழைப்பில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாளம் 2008இலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. அச்சுதன் பேசிய மொழிக்கு அச்சுதனின் அறிவு திரும்பிவர 330 ஆண்டுகள் ஆயின.

வான் ரீட் 1677இல் மலபாரை விட்டு நாடு திரும்பி உத்ரெக்டின் பிரபுக்கள் அவையில் அமர்ந்தார். 1684இல் கும்பினி அவரை மீண்டும் அழைத்தது. தன் அதிகாரிகளின் ஊழலை ஒடுக்க ஆணையராக அனுப்பியது. நன்னம்பிக்கை முனை, இலங்கை, வங்காளம் என்று சுற்றியவர் தமிழ்க் கரையிலும் நெடுநாள் இருந்தார். சோழமண்டலத்தில் கும்பினியின் தலைமையிடம் 1690இல் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு மாறியது இவர் முடிவால். அங்கே எழுந்த பெருங்கோட்டைக்கு ஐம்புலன்கள் என்று பொருள்படும் டச்சுப் பெயர். அதே ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரில் ஒரு சமயக் கல்லூரியைத் தொடங்கினார். ஊழல் அதிகாரிகளுக்கு அவர்மேல் அன்பு இருந்திருக்காது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை; ஒரு வளர்ப்பு மகள் மட்டும் உண்டு.

1691 டிசம்பர் 15 அன்று, கொச்சியிலிருந்து சூரத்துக்குப் போகும் வழியில் பம்பாய்க் கரையருகே கப்பலிலேயே இறந்தார். சூரத்தில் அவருக்குக் குவிமாடத்தோடு மாளிகைபோன்ற கல்லறை கட்டினார்கள். அது இன்னும் நிற்கிறது. ஏலத்தரி இடம்பெற்ற பதினொன்றாம் தொகுதி அச்சேறியது 1692இல்.