சோதனைக்கூடத்தைத் தாண்டாத பக்கவாத மருந்துகள்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ரத்தக்கட்டி அடைப்பதால்தான் பெரும்பாலானோருக்குப் பக்கவாதம் வருகிறது. அடைபட்ட உடனே அந்தப் பகுதி முழுவதும் இறந்துவிடுவதில்லை. 1977-இல் பபூன் குரங்குகளை வைத்து ஆஸ்ட்ரப், சைமன் முதலியோர் இதைக் காட்டினர். நடுவில் உள்ள செல்கள் விரைவில் அழிகின்றன. அவற்றைச் சுற்றியுள்ளவை செயலிழந்தாலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கின்றன. அந்த விளிம்பைக் காப்பாற்ற இரண்டு வழிகள் தேடப்பட்டன: அடைப்பை நீக்குவது ஒன்று, ரத்தம் திரும்பும்வரை செல்களைச் சாகாமல் காப்பது மற்றொன்று.

முதல் வழி பலன் தந்தது. 1985-இல் ஜஸ்டின் ஜிவின் குழுவினர் முயல்களின் மூளைக் குழாய்களை ரத்தக்கட்டிகளால் அடைத்து, கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்தைச் செலுத்தினர். நரம்புப் பாதிப்பு குறைந்தது. மனிதருக்கு வரும் நோயும் பெரும்பாலும் ரத்தக்கட்டியால் வருவதே. 1995-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 624 நோயாளிகள் பங்கேற்றனர். அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதம் கழித்து ஊனம் ஏதுமின்றியோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு 30 விழுக்காடாவது கூடியது. அறிகுறிகளோடு கூடிய மூளை ரத்தக்கசிவும் 0.6 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாக உயர்ந்தது. 1996-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

இரண்டாவது வழியில் தோல்விகள் தொடர்ந்தன. ரத்தம் கிடைக்காத செல்களிலிருந்து வெள்ளமாக வெளியேறும் குளுட்டமேட், பக்கத்துச் செல்களையும் கொல்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் மூளைச் சேதத்தைப் பெரிதும் குறைத்தன. ஆனால் 1990-களில் செல்ஃபோடெல், ஆப்டிகனெல் ஆகியவற்றின் மனிதச் சோதனைகள் பாதியில் நிறுத்தப்பட்டன. 2006-இல் விக்டோரியா ஓகாலின்ஸ் குழுவினர் எடுத்த கணக்கில் 1,026 சிகிச்சைகள் இடம்பெற்றன. அவற்றுள் 114 மனிதரிடம் சோதிக்கப்பட்டிருந்தன. செல்களைக் காக்கும் மருந்து ஒன்றுகூட உலகளவில் நிலைபெறவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி சோதனை முறையிலேயே இருந்தது. 1989-இல் வெளியாகிப் பரவலான ஒரு முறையில், நைலான் நூலின் முனையைச் சூடாக்கி மழுக்கி, எலியின் கழுத்துத் தமனி வழியே மேலே செலுத்தி, மூளைத் தமனியின் வாயை அடைப்பார்கள். எலி பெரும்பாலும் இளம் வயது ஆண். வேறு நோய் கிடையாது. அடைப்புக்கு முன்போ சில நிமிடங்களிலோ மருந்து ஏற்றப்படும். ஓரிரு நாளில் மூளையை நறுக்கிச் சேதத்தின் அளவைப் பார்ப்பார்கள். மருத்துவமனைக்கு வருபவரோ முதியவர். ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் இருக்கும். வந்து சேரவே பல மணி நேரம் ஆகியிருக்கும். அவருக்கு வேண்டியது மூன்று மாதம் கழித்துத் தன் காலில் நடப்பது.

இந்த இடைவெளியைக் குறைக்க, 1999-இல் ஆய்வாளர்களும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து 'ஸ்டேர்' என்னும் நெறிமுறைகளை வகுத்தனர். அவற்றைப் பெருமளவு நிறைவுசெய்ததாகக் கருதப்பட்ட என்எக்ஸ்ஒய்-059 மருந்து, 2006-இல் வெளியான முதல் பெரிய சோதனையில் நம்பிக்கை தந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அடுத்த சோதனை அதைப் பொய்யாக்கியது. அம்மருந்தின் பழைய விலங்குச் சோதனைகளை மால்கம் மெக்லியட் குழுவினர் மீண்டும் ஆராய்ந்தனர். எந்த எலிக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, அளவெடுப்பவருக்கு அதை மறைத்த சோதனைகளில் பலன் குறைவாகவே தெரிந்தது.

அடைப்பை நீக்கும் வழி மேலும் வளர்ந்தது. குழாய்க்குள் கருவியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை 2013-இல் வெளியான மூன்று சோதனைகளில் பலன் காட்டவில்லை. கருவி மேம்பட்டது, பெரிய குழாய் அடைபட்டவர்களை ஸ்கேன் மூலம் தேர்ந்தெடுத்தனர். 2015-இல் ஐந்து சோதனைகள் அதன் பயனை நிலைநாட்டின. ரத்தம் திரும்புவது உறுதியானதால், செல்களைக் காக்கும் மருந்துகளும் அச்சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டன. 1,105 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான, நெரினடைட் என்னும் அத்தகைய மருந்தின் சோதனை வெற்றி பெறவில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டாக்கும் நொதி, நெரினடைட்டைச் சிதைத்தது அப்போது தெரிந்தது.

விலங்குச் சோதனையும் இப்போது மனிதச் சோதனையின் ஒழுங்குக்கு மாறிவருகிறது. அமெரிக்காவின் 'ஸ்பேன்' கூட்டமைப்பு ஆறு சிகிச்சைகளை ஆறு ஆய்வகங்களில் ஒரே விதிப்படி சோதித்தது. இளம் எலிகளோடு வயதானவை, பருமனானவை, ரத்த அழுத்தம் கூடியவை ஆகியவற்றிலும் சோதித்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆறில் யூரிக் அமிலம் ஒன்றே தேறியது. பல நிலைகளைக் கடந்து தேறும் சிகிச்சையை மட்டும் நோயாளிகளிடம் கொண்டுசெல்வதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.