விரல் ரேகை வடிவ வேறுபாடு

விரல் நுனித் தோலில் உழவுச் சால் போல ஓடும் கோடுகளே விரல் ரேகை. சுழி, வளையம், வில் என மூன்று பெரும் வடிவங்கள் உண்டு. கைரேகை பார்ப்பவர்கள் சுழியைச் சக்கரம் என்றும் வளையத்தைச் சங்கு என்றும் எண்ணிப் பலன் சொல்வார்கள்.

பொதுவாக 100 விரல்களில் 60-65 வளையம், 30-35 சுழி, ஏறத்தாழ 5 வில். இந்த விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும். கிழக்காசியரிடமும் பசிபிக் தீவினரிடமும் சுழி கூடுதல். தென்னாப்பிரிக்கச் சான் மக்களிடம் வில் கூடுதல். ஆனால் ஒற்றை ரேகையைக் காட்டி இன்ன இனம், இன்ன சாதி என்று சொல்ல எவராலும் ஆகாது. இன அடையாளம் கிடைக்கும் என்று தேடிய ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டனே, எந்த இனத்துக்கும் தனி ரேகை இல்லை என்று 1892இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார்.

ரேகையால் ஆளை அடையாளம் காணும் இயலின் முக்கியப் பகுதி வங்காளத்தில் உருவானது. 1858இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குப் பொருள் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையில் அலுவலக முத்திரைக்கான எண்ணெய் மையைத் தடவி, பத்திரத்தின் பின்புறம் பதியவைத்தார். பின்னால் ‘கையெழுத்து என்னுடையதல்ல’ என்று மறுக்கக் கூடாதே என்பதுதான் நோக்கம். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடம் தொடங்கியது. சுழி விழுந்த விரலுக்கு அதன் இடத்தைப் பொறுத்து 16, 8, 4, 2, 1 என மதிப்பிட்டு, பதிவுகளை 1,024 அறைகளில் அடுக்கும் கணக்கை வகுத்தவர்கள் வங்காளக் காவல் அதிகாரிகளான அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். உலகம் அதை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைக்கிறது. அது திருத்தப்பட வேண்டிய அநியாயம்.

ரேகை கருவிலேயே, மூன்றாம் மாத வாக்கில் அரும்பத் தொடங்குகிறது. விரல் திண்டின் நடு, நகத்தடி, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து வரப்புகள் அலையாகப் பரவிச் சந்திக்கும் விதமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று 2023இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பிறப்போடு வந்ததை உழைப்பு தேய்க்கும். திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். பாலீஷ் பட்டறையில் சுற்றும் சக்கரத்தில் குடத்தை அழுத்திப் பிடிக்கும் விரல்கள் நாள் முழுக்க உராய்கின்றன. சாயப் பட்டறைகளில் இரசாயனம் அதே வேலையைச் செய்கிறது. இப்படித் தேய்ந்த பெருவிரலை, ஆதார் பதிவோடு ஒப்பிடும் ரேஷன் கடைக் கருவி சட்டென்று அடையாளம் காணாது. ரேகையின் வேர் ஆழத்தில் இருப்பதால், கைக்குச் சில வாரம் ஓய்வு கிடைத்தால் பழைய சுழி அதே இடத்தில் திரும்பத் தெரியும். கூலி வேலையில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. ஆதாரில் கருவிழியும் பதிவாகிறது. இத்தொழிலாளர்களுக்கு அதையே முதல் வழியாக வைக்க வேண்டும்.