மார்மடியூக் ராடன்

சர் மார்மடியூக் ராடன் (1583 – ஏப்ரல் 28, 1646) இலண்டன் மாநகரைச் சேர்ந்த ஆங்கிலேய வணிகரும், ஆங்கில உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லசுக்காகப் போரிட்ட படைத்தலைவரும் ஆவார். பேசிங் மாளிகையின் பாதுகாப்பில் ஆற்றிய பங்குக்காக இவர் அறியப்படுகிறார்.

இளமையும் வணிகமும்

ராடன் இங்கிலாந்தின் யார்க்சயரில் பிறந்தார். இளவயதிலேயே இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, பிரான்சின் போர்தோ நகருடன் திராட்சை மது வணிகம் செய்த ஒருவரிடம் தொழில் பயின்றார். பின்னர் தாமே வணிகராகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1611 இல் ஆர்ட்ஃபர்ட்சயரின் ஆடெசுடன் ஊரைச் சேர்ந்த கேத்தரின் தோரோகுட் என்பவரை மணந்தார். அவ்வூரில் 1622 இல் ராடன் மாளிகையைக் கட்டினார். ஊர்மக்களின் பயன்பாட்டுக்காக நீரூற்று ஒன்றிலிருந்து குழாய் வழியே குடிநீர் கொண்டுவந்தார்.

1628 இல் ஆல்டுபரோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அதே ஆண்டில் கார்லைல் பிரபுவிடமிருந்து பார்படோசு தீவில் 10,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்ற இலண்டன் வணிகர் குழுவிலும் இடம்பெற்றார்.

உள்நாட்டுப் போர்

1642 இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே போர் மூண்டபோது இலண்டன் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது. ராடன் அந்நகரக் குடிப்படையின் அதிகாரியாக விளங்கியவர். இருப்பினும் 1643 இல் தமது வணிகத்தையும் இல்லத்தையும் விட்டு, மன்னரின் தலைமையிடமான ஆக்சுபோர்டுக்குச் சென்று காலாட்படை ஒன்றைத் திரட்டினார்.

இப்படையில் இலண்டன் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் பணியாற்றினர். அச்சுப்பட வணிகர் இராபர்ட் பீக், அவரிடம் தொழில் பயின்ற செப்புத்தகட்டுச் சிற்பி வில்லியம் ஃபெயிதார்ன், மூலிகை நூல் பதிப்பாசிரியரும் மருந்து வணிகருமான தாமசு ஜான்சன் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

பேசிங் மாளிகை

ஆம்ப்சயரில் அமைந்திருந்த பேசிங் மாளிகை, கத்தோலிக்கரான வின்செசுடர் பிரபு ஜான் பாலெட்டின் கோட்டை போன்ற இல்லமாகும். இலண்டனிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலைக்கு அருகில் இருந்தமையால் அது இரு தரப்பினருக்கும் முக்கியமாயிற்று. 1643 நவம்பரில் சர் வில்லியம் வாலரின் பெரும்படை நடத்திய தாக்குதலை ராடனின் படையினர் முறியடித்தனர். அடுத்த மாதம் மன்னர் இவருக்கு 'சர்' பட்டம் வழங்கினார். 1644 இல் பல மாதங்கள் நீடித்த முற்றுகையில் உணவுப் பற்றாக்குறை ஏற்பட்டது. செப்டம்பர் 11 அன்று கர்னல் என்றி கேஜ் ஆக்சுபோர்டிலிருந்து உதவி கொண்டுவந்தார். அம்மாதம் நிகழ்ந்த சண்டையில் காயமுற்ற ஜான்சன் பின்னர் உயிரிழந்தார்.

எதிரிகளால் கைப்பற்ற இயலாத அம்மாளிகையை உட்பூசல் வலுவிழக்கச் செய்தது. பிரபு கத்தோலிக்கர், ராடனும் அவரது வீரர்களில் பெரும்பாலோரும் சீர்திருத்தக் கிறித்தவர்கள். காவற்படை ஒரே சமயத்தவரைக் கொண்டிருக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்பட்டு, 1645 மே மாதம் ராடன் தம் படையுடன் வெளியேறினார். குறைந்த வீரர்களுடன் எஞ்சிய மாளிகையை 1645 அக்டோபர் 14 அன்று ஆலிவர் கிராம்வெல் கைப்பற்றினார். அது சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது.

இறுதிக்காலம்

ராடன் பின்னர் ஃபாரிங்டன் காவலரணின் ஆளுநரானார். 1646 ஏப்ரல் 27 அன்று மன்னர் மாறுவேடத்தில் ஆக்சுபோர்டை விட்டுத் தப்பினார். அதற்கு மறுநாள் ராடன் ஃபாரிங்டனில் காலமானார்; அவ்வூர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இரு மாதங்களுக்குள் ஆக்சுபோர்டும் ஃபாரிங்டனும் சரணடைந்தன.

இவருடைய அண்ணன் மகனின் பெயரும் மார்மடியூக் ராடன் (1610–1669) என்பதே. யார்க் நகரைச் சேர்ந்த அவரும் வணிகரே; கேனரித் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1863 இல் கேம்டன் கழகம் வெளியிட்ட அவரது வாழ்க்கை வரலாறு, மூத்த ராடனைப் பற்றிய செய்திகளையும் தருகிறது.