நத்தாருக்கு நாள் எண்ணிய வரலாறு



டிசெம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறித்தவ இல்லங்களில் பெற்றோர் ஒரு கேள்விக்கு நாள்தோறும் விடைகூற வேண்டியவராவர். “நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள்?” என்பதே அக்கேள்வி. காலையில் ஒரு முறை கூறிய விடை மாலையில் செல்லாது. மறுபடியும் கூறல் வேண்டும். இந்தச் சிறு கேள்விக்கு விடையாக ஜேர்மனி நாட்டுப் பெற்றோரும் ஆசிரியரும் சென்ற இருநூறு ஆண்டுகளில் என்னென்ன விளையாட்டுகளைக் கண்டுபிடித்தனர், அவற்றுள் சில எவ்வாறு உலகெங்கும் பரவின என்பதையே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

நத்தாருக்கு முன் வரும் வாரங்களைத் திருச்சபை திருவருகைக் காலம் என வழங்கும். ஆதியில் அது குழந்தைகளுக்குரிய காலமாக இருக்கவில்லை. 581ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள மாக்கோன் நகரிற் கூடிய சங்கம், புனித மார்ட்டின் திருநாளாகிய நவம்பர் 11 தொடக்கம் நத்தார் வரை திங்கள், புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் நோன்பிருத்தல் வேண்டும் என விதித்தது. பெரியோர்க்கு அது தவக்காலம்; அடக்கமும் ஒறுத்தலும் உடைய காலம். சிறுவர்க்கு உரிய நாளோ டிசெம்பர் 6ஆம் திகதி. மீரா நகரின் ஆயராயிருந்த புனித நிக்கலசின் திருநாளாகிய அன்று, முன்னிரவில் வாயிலில் வைத்த சப்பாத்தினுள்ளே பழமும் பருப்பும் இனிப்பும் இருக்கக் கண்டு குழந்தைகள் மகிழ்வர்.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் எழுந்தபோது புனிதர் வணக்கம் புரட்டஸ்தாந்து மக்களிடையே குன்றிற்று. பரிசு கொண்டுவருபவர் நிக்கலஸ் அல்லர், பாலன் இயேசுவே என்ற எண்ணம் பரவிற்று. அதனால் பரிசு பெறும் நாள் டிசெம்பர் 24ஆம் திகதி மாலைக்கு இடம் மாறியது. இம்மாற்றத்தை நாம் கவனித்தல் வேண்டும். ஆறாம் திகதியன்றே கைக்கு வந்த பொருளுக்காக இனி இருபத்துநான்காம் திகதி வரை காத்திருத்தல் வேண்டும்! குழந்தையின் கணக்கில் அது சிறு தாமதமன்று. ஜேர்மன் வீடுகளில் அன்று மாலை பெற்றோர் வரவேற்பறையைப் பூட்டி, உள்ளே மரத்தை அலங்கரித்துத் திரிகளை ஏற்றி, சிறு மணியொன்றை ஒலித்த பின்னரே கதவைத் திறப்பர். அம்மணியோசைக்காகப் பிள்ளைகள் எவ்வளவு ஏங்கியிருப்பர் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வேக்கத்தை ஆற்றுதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாய்தந்தையர் கையாண்ட வழிகள் மிக எளியவை. சில வீடுகளில் டிசெம்பர் முதலாந் திகதி கதவிலே வெண்கட்டியால் இருபத்துநான்கு கோடுகள் இழுத்துவிடுவர். நாளுக்கு ஒரு கோட்டைப் பிள்ளை தன் விரலால் அழித்துவிடலாம். கரும்பலகையோடும் வெண்கட்டியோடும் முப்பது ஆண்டுகள் பழகிய எனக்கு, எழுதுவதைவிட அழிப்பதிலேயே சிறுவர்க்கு இன்பம் மிகுதி என்பது நன்கு தெரியும். கத்தோலிக்கக் குடும்பங்களிலோ வெறுமையான முன்னணை ஒன்றை வைத்து, நாளுக்கு ஒரு வைக்கோல் துரும்பைப் பிள்ளைகளைக் கொண்டு இடுவிப்பர். பாலன் பிறக்கும் இரவுக்குள் அவருக்கு மெத்தென்ற படுக்கை ஆயத்தமாகிவிடும். இன்னுஞ் சிலர் மெழுகுதிரி ஒன்றில் அடையாளங்களிட்டு, அன்றன்று ஓர் அடையாள அளவுக்கு அதனை எரியவிடுவர். சிலர் நாளுக்கொரு படமாகச் சுவரிலே தொங்கவிடுவர். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. வைக்கோலும் வெண்கட்டியும் இன்றைக்கும் எந்த வீட்டுக்கும் எட்டாத பொருள்களல்ல.

இவ்வாறு வீடுள்ள பிள்ளைகள் நாளெண்ணினர். வீடற்ற பிள்ளைகள்?

ஹம்பேர்க் துறைமுகப் பட்டினத்தில் 1808ஆம் ஆண்டு பிறந்த யோகான் ஹின்றிக் விக்கேர்ன் என்பாரின் வரலாறு இங்கேதான் வருகின்றது. பதினைந்தாம் வயதிலேயே தந்தையை இழந்தவர் அவர். இறையியல் கற்று, ஞாயிறு பாடசாலை ஆசிரியராக நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது, பசியும் குடியும் களவும் சூழ வளரும் சிறுவரை அவர் கண்டார். அவர்களைச் சிறையிலடைப்பதாற் பயனில்லை, குடும்பம் ஒன்றையே கொடுத்தல் வேண்டும் என்று துணிந்தார். 1833ஆம் ஆண்டு, நகருக்கு வெளியே ஹோர்ன் என்னும் இடத்தில், ‘றௌஹெஸ் ஹவுஸ்’ எனப்பட்ட ஓலைக்கூரைப் பழைய வீடொன்றைப் பெற்று, தம் தாயாரோடு அங்கே குடியேறிச் சிறுவரை ஏற்கத் தொடங்கினார். பெருங்கூடத்திற் பிள்ளைகளை அடைத்துவைக்கும் முறையை அவர் விரும்பவில்லை. ஏறத்தாழப் பன்னிருவரை ஒரு குடும்பமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த சகோதரரைப் பொறுப்பாக்கினார்.

அங்கிருந்த பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளைப் போலவே நத்தார் எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அவரைத் துளைத்தெடுத்தனர். 1839ஆம் ஆண்டு அவர் பழைய வண்டிச் சக்கரமொன்றை எடுத்து, அதன்மீது மெழுகுதிரிகளை நிறுத்தி மண்டபத்தில் அமைத்தார். கிழமை நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள். வழிபாட்டு வேளையில் நாளுக்கொரு திரி கூடுதலாக ஏற்றப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி ஞாயிற்றுக்கிழமையாகவும் திருவருகைக் காலத்தின் முதல் நாளாகவும் அமைந்தது. ஆகவே பெரிய திரிகள் நான்கு, சிறியவை இருபது, மொத்தம் இருபத்துநான்கு. நாளெண்ணலோடு கூட்டற்கணக்கையும் கிழமைகளையும் அப்பிள்ளைகள் தாமறியாமலே கற்றிருப்பர் என்று நினைக்கும்போது, ஆசிரியன் என்ற முறையில் அவர்மீது எனக்குச் சிறிது பொறாமையே உண்டாகின்றது. ஆயினும் அதனினும் பெரிது ஒன்றுண்டு. நாளைய தினத்திலிருந்து நன்மை எதையும் எதிர்பாராது வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நாளைக்கு இன்னொரு திரி நிச்சயமாக எரியும் என்ற வாக்குறுதி அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அது நாள்தோறும் நிறைவேறியும் வந்தது.

பின்னர் அச்சக்கரம் பசுந்தழை சூடியது. வீடுகளுக்குப் பரவியபோது இருபதுக்கு மேற்பட்ட திரிகளுக்கு இடமேது? ஞாயிறுகளுக்குரிய நான்கு மட்டுமே எஞ்சின. புரட்டஸ்தாந்து ஆசிரியர் ஒருவர் தொடங்கிய இவ்வழக்கம் 1925இல் கொலோன் நகரின் கத்தோலிக்கத் தேவாலயமொன்றிலும் இடம்பெற்றது. இன்று நம் நாட்டுத் தேவாலயங்களில் அக்காலத்தில் நாம் காணும் நான்கு திரி வளையம் அந்த வண்டிச் சக்கரத்தின் வழித்தோன்றலே.

இனிக் கடதாசிக்கு வருவோம். 1901இல் வெளிவந்த தோமஸ் மானின் ‘புடன்புறூக்ஸ்’ நாவலில், சிறுவன் ஒருவனுக்காக அவனை வளர்க்கும் மாது நாட்கிழிப்புத் தாள்களைத் தம் கையாலே செய்து கொடுக்கின்றார். அதன் கடைசித் தாளிலே நத்தார் மரம் வரையப்பட்டிருக்கின்றது. அத்தகைய கைவேலை அந்நாளில் வீடுகளில் வழக்கத்திலிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. அடுத்த ஆண்டே ஹம்பேர்க்கில் கிறித்தவப் புத்தகசாலையொன்று குழந்தைகளுக்கென நத்தார்க் கடிகாரம் ஒன்றை அச்சிட்டு விற்றது.

ஆனால், நாம் இன்று அறிந்த திருவருகை நாட்காட்டியின் தந்தை என்று கூறத்தக்கவர் கெர்ஹார்ட் லாங். 1881இல் மௌல்புறொன் என்னும் ஊரில், போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவனாயிருக்கையில் அவருடைய தாயார் மட்டையொன்றில் இருபத்துநான்கு கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு இனிப்பைப் பொருத்தி, நாளுக்கொன்றாக உண்ணக் கொடுத்தார் என்பர். தாயின் பொறுமைக்கும் மகனின் பொறுமைக்கும் அது ஒருங்கே சோதனையாயிருந்திருக்கும். வளர்ந்து மியூனிக் நகரில் அச்சுத்தொழிலிற் பங்காளியானபோது லாங் அந்த மட்டையை மறக்கவில்லை. அவர் வெளியிட்ட தொடக்ககால நாட்காட்டி இரண்டு தாள்களாலானது. ஒன்றில் இருபத்துநான்கு கட்டங்களும் சிறு செய்யுள்களும். மற்றதில் வெட்டி ஒட்டுதற்கான இருபத்துநான்கு படங்கள். தாய் அல்லது தந்தை அருகிருந்து செய்யுளை வாசிக்க, பிள்ளை படத்தை வெட்டி ஒட்டும். திறந்து பார்க்கும் சிறு கதவுகள் பின்னரே வந்தன. சொக்கலேற் நிரப்பிய பெட்டிகள் பெருவழக்கானது அதற்கும் பிந்தி. இம்மாற்றத்தை முழுமனத்தோடு வரவேற்பவனல்லன் நான். கத்தரிக்கோலும் பசையும் இருந்தவரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. சொக்கலேற்றை உண்பதற்கு யாருடைய துணையும் தேவையில்லை.

லாங்கின் பதிப்பகம் 1930களின் இறுதியளவில் மூடப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததையும் கூறாது விடுதல் நேர்மையன்று. ஹிட்லரின் கட்சி குழந்தைகளின் இக்காத்திருப்பிலும் கைவைத்தது. கட்சியின் பதிப்பகம் ‘நத்தாருக்கு முன்’ என்ற பொருள்படும் தலைப்பில் தானே ஒரு நாட்காட்டியை வெளியிட்டது. அதிலும் கைவேலைகள் உண்டு, பாட்டுகள் உண்டு, பலகாரக் குறிப்புகளும் உண்டு; பெத்லகேமும் பாலனும் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தைப் பண்டை ஜேர்மானியரின் சூரியச் சக்கரமும் குறியீடுகளும் பிடித்துக்கொண்டன. தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடும் விளையாட்டுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அவ்வரசு நன்றாகவே அறிந்திருந்தது. காகிதத் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டித் திருச்சபையின் வெளியீடுகள் நிறுத்தப்பட்ட அவ்வாண்டுகளில், அச்சிட்டது கிடையாத வீடுகளில் தாய்மார் கடதாசித் துண்டுகளையும் வர்ணங்களையும் கொண்டு மீண்டும் கையாலேயே செய்யலாயினர்.

போர் 1945இல் முடிவுற்றது. ஸ்ருட்காட் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சினால் இடிந்து கிடந்தது. அந்நகரம் அமெரிக்கப் படையினரின் ஆட்சியின் கீழ் இருந்தது. அச்சிடுவதற்கும் கடதாசி பெறுவதற்கும் அவர்களுடைய அனுமதி வேண்டும். றிச்சார்ட் செல்மர் என்பவர் அவ்வனுமதியைப் பெற்று 1946இல் நாட்காட்டியொன்றை வெளியிட்டார். ‘சிறு பட்டினம்’ என்பது அதன் பெயர். அமெரிக்கக் குடும்பங்கள் அவற்றை வாங்கித் தம் நாட்டுக்கு அனுப்பின. அதன்வழியே இவ்வழக்கம் கடல் கடந்தது. அதில் தீட்டப்பட்டிருந்தவை கூரையோடும் சுவரோடும் நிற்கும் முழு வீடுகள். டிசெம்பர் முதலாந் திகதி ஸ்ருட்காட்டின் பிள்ளைகள் அவ்வீடுகளின் கடதாசி யன்னல்களுள் ஒன்றைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தனர்.