பாய் இறக்கிய படகு

வால்டோர்ஃபில் ஆறு கிடையாது. ரைன் நதி மேற்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஓடுகிறது. 1763இல் இவ்வூரில் ஒரு கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் பெரும் பணக்காரரான ஜான் ஜேக்கப் ஆஸ்டர், பதினாறு பதினேழு வயதில் அந்த நதிவரை நடந்துபோய் ஒரு மரத்தெப்பத்தில் ஏறி ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று இங்கே சொல்வார்கள். மென்பொருள் வேலைக்கு வந்து இறங்கும் எங்களிடம் முதலில் சொல்லும் கதை அதுதான்.

கோடையில் ஷ்பையர் கரையில் நின்றால், பாய்மரத்தைச் சாய்த்துத் தளத்தின்மேல் கட்டிக்கொண்டு போகும் படகுகளைச் சில சமயம் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு கணவன், ஒரு மனைவி. பாலங்களுக்கு அடியில் நுழையவேண்டுமே. காற்றுக்காகச் செய்த படகு இயந்திரத்தை நம்பி ஊர்ந்துகொண்டிருக்கும். முதலில் எனக்கு இது பணக்காரக் கிறுக்காகத்தான் பட்டது. நெக்லி ஃபார்சனைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல வரவில்லை.

ஃபார்சன் அமெரிக்கர், சிகாகோவில் லாரி விற்பனை மேலாளர். அவர் மனைவி ஈவ், ‘டிராகுலா’ எழுதிய பிராம் ஸ்டோக்கரின் சகோதரர் மகள். 1925இல் வேலையை விட்டுவிட்டு ‘ஃபிளேம்’ என்ற சிறிய பாய்ப்படகில் வடகடல் பக்கமிருந்து கருங்கடலுக்குக் கிளம்பினார்கள். ரைன், மைன், பிறகு லுட்விக் கால்வாய், அதன்பின் டான்யூப். சம்பளம் வரும் வேலையை நடுவயதில் உதறுவதைப் பற்றி என்னைப் போன்ற ஆலோசகர்கள் மதிய உணவின்போது பேசுவோம், பேச்சோடு சரி.

அந்த லுட்விக் கால்வாய்தான் கதையின் முடிச்சு. ரைனையும் டான்யூபையும் இணைக்க 793இலேயே சார்லமேன் மண்வெட்டிப் பார்த்தார். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1836இல் தொடங்கி 1846இல் முடித்தார். பாம்பெர்கிலிருந்து கெல்ஹைம்வரை 173 கிலோமீட்டர். அதில் நூறு லாக்குகள். ஏறத்தாழ 1.7 கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, கதவடைத்து, நீர் நிரம்பக் காத்திருந்து, படி ஏறுவதுபோல மலையேற வேண்டும். அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஜெர்மனியின் முதல் ரயில் 1835இல் ஓடியது, அதுவும் இந்தக் கால்வாய் போகும் நியூரம்பெர்கிலிருந்தே. பிறக்கும்போதே பழையதாகிவிட்ட தொழில்நுட்பம்! ஃபார்சன் தம்பதி போனபோது அது வயதான கால்வாய். 1950இல் கைவிட்டுவிட்டார்கள். 1992இல் திறந்த புதிய மைன்-டான்யூப் கால்வாயில் 16 லாக்குகளே.

பழைய கால்வாயின் நெடுந்துண்டுகள் நீரோடு இன்றும் இருக்கின்றன. கரையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு குதிரை படகை இழுக்கிறது. போன வருடம் நாங்களும் ஏறினோம். கயிறு இறுகி, தளர்ந்து, நீரைத் தொட்டு எழுந்தது. சத்தமே இல்லை. “நம்ம ஊர்ல இதை ஆள் இழுத்தாங்க” என்றாள் மனைவி. அவள் சேப்பாக்கத்துக்காரி. லாக் நகர் என்ற பெயரில் இருக்கும் லாக் என்னவென்று இங்கே வந்துதான் புரிந்தது என்றாள்.

அவள் சொன்னது பக்கிங்ஹாம் கால்வாயை. 1806இல் பாசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டத் தொடங்கியது, நீண்டு நீண்டு ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம்வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. லுட்விக் கால்வாயைப்போல இரண்டரை மடங்கு. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர், 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று குறைத்தார். அரைக் கிலோகூட இல்லை. மண் சுமக்கிறவனுக்கு! கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைத்தார்கள்.

உப்பும் சவுக்குக் கட்டையும் சுண்ணாம்புச் சிப்பியும் அதில் வந்தன. காற்றிருந்தால் பாய், இல்லையென்றால் கரையில் கயிறு, தோளில் மனிதன். நண்பர்களோடு அதில் மாமல்லபுரம் போன பாரதிதாசன், ‘மாவலிபுரச் செலவு’ கவிதையில் அந்தக் கயிறு இழுத்தவர்களைக் கண்டுகொண்டார். உல்லாசப் பயணம் போனவருக்குக் கரை தெரிந்தது பெரிய விஷயம். 1960களின் நடுவில் வந்த புயல்கள் படகுகளை ஏறக்குறைய முடித்துவைத்தன. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. இங்கே ரயில் கால்வாயை வென்றது. அங்கே அதன்மேல் ஏறி நின்றது.

ஃபார்சன் திரும்பி விற்பனைக்குப் போகவில்லை. ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ நிருபரானார். 1930இல் இந்தியா வந்து, உப்புச் சத்தியாக்கிரகிகள் மீது பம்பாயில் விழுந்த லத்தியடியைப் பார்த்து எழுதினார். அடிவாங்கியும் கை ஓங்காமல் நின்றவர்களைப் பற்றி அவர் அனுப்பிய செய்தியை அமெரிக்கா படித்தது. அதே ஆண்டு ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஃபார்சன் சென்னைப் பக்கம் வந்து, உப்பு மூட்டைகளோடு ஊர்ந்த அந்தத் தோணிகளைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று குதிரைப்படகில் மனைவியிடம் கேட்டேன். அவள் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாக் கதவருகே அதை அவிழ்த்து, முதலில் தண்ணீர் காட்டினார்கள்.